கை நீட்டி வாங்கும் இடம்

(வெளிநாடுகளில் தொண்டுப் பணிக்குச் செல்லவிருக்கும் இளைஞர்களுக்காகக் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் நடந்த கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



தொண்டு செய்ய வேறு நாட்டுக்குப் போகிறவர்கள் அந்த நாட்டு மக்களின் வழிபாட்டில் கலந்துகொள்ளலாமா, கலந்துகொண்டால் எதுவரை என்று பேசச் சொன்னார்கள். கூட்டத்தைக் கருணாபுரத்தில் வைக்கலாம் என்று முடிவானபோது அதுதான் சரி என்று எனக்குப் பட்டது. தொண்டைப் பெற்றுக்கொள்ளும் பக்கத்தில் நின்று பார்த்த ஊர் இது. 2024 ஜூன் மாதம் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. அதில் மிகப் பெரிய பங்கு இந்தத் தெருக்களுடையது. வீட்டுக்கு வீடு சாமியானா போட்டு, வாசலில் குளிர்பெட்டி வைத்து, கோமுகி ஆற்றங்கரையில் வரிசையாகச் சிதை மூட்டிய நாட்களை உங்களுக்கு நான் நினைவுபடுத்த வேண்டியதில்லை. அப்போது வெளியிலிருந்து நிறையப் பேர் வந்தார்கள். அரிசி கொடுத்துவிட்டுப் போனவர்கள் உண்டு. காசோலை கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டவர்கள் உண்டு. ஒன்றும் பேசாமல் வந்து துக்க வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, பதினாறாம் நாள் காரியத்துக்கும் மறக்காமல் திரும்பி வந்தவர்களும் உண்டு. இந்த மூன்று வகையினரில் யாருடைய முகம் இன்றைக்கு உங்கள் மனதில் நிற்கிறது என்று நான் கேட்கவே வேண்டாம்.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். தொண்டு செய்பவரின் கை எப்போதும் மேலே இருக்கிறது. மருந்து கொடுக்கிறார், பாடம் சொல்லிக்கொடுக்கிறார், வீடு கட்டித் தருகிறார். பெறுகிறவரின் கை கீழே. எவ்வளவு நல்ல மனிதராக இருந்தாலும் இந்த மேடு பள்ளம் நாளடைவில் இரண்டு பேரையும் கெடுக்கும். கொடுப்பவருக்கு அதிகாரம் பழகிப்போகும், வாங்குபவருக்குக் கூச்சம் பழகிப்போகும். வழிபாட்டில் மட்டும் இது மாறுகிறது. ஆடி மாதம் மாரியம்மன் கோயில் வாசலில் கூழ் ஊற்றும்போது, டாக்டர் ஆனாலும் டென்மார்க்கிலிருந்து வந்தவர் ஆனாலும் சொம்பை நீட்டிக்கொண்டு வரிசையில்தான் நிற்க வேண்டும். திருநீறு வாங்கவும் கை நீட்டத்தான் வேண்டும். கொடுக்க வந்தவர் வாங்குகிறவராக ஆகும் இடம் அது. அதனால்தான் தொண்டர்கள் அங்கே போக வேண்டும் என்கிறேன். ஊரைத் தெரிந்துகொள்ளப் போவது, அனுபவத்துக்காகப் போவது எல்லாம் அடுத்தபடிதான்.

இதற்குச் சான்று தேடித் தூர தேசம் போக வேண்டாம். நம் மாவட்டத்திலேயே, திருக்கோவிலூரிலேயே இரண்டு பேர் இருக்கிறார்கள்.

முதலாமவர் எஸ்தர் ஃபேரிங். 1889-ல் டென்மார்க்கில் பிறந்தவர். முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலத்தில் டேனிஷ் மிஷனரி சங்கத்தின் ஊழியராக இங்கே வந்தார். அப்போது தென்னாற்காடு ஜில்லா. திருக்கோவிலூரில் டேனிஷ் மிஷன் ஆஸ்பத்திரியும் பள்ளிக்கூடமும் இன்றும் இருப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அந்த மிஷனின் கல்விப் பணியில்தான் எஸ்தர் சேர்ந்தார். தமிழ் கற்றார். அவருக்கு முன்பே, 1909-ல் வந்திருந்த இன்னொரு டேனிஷ் பெண்மணி ஆன் மேரி பீட்டர்சன். இந்திய மண்ணுக்கு ஒத்துவரும்படி பெண்களுக்கு ஒரு பள்ளிக்கூடம் எப்படி அமைப்பது என்ற யோசனையில் இருந்தவர். இருவரும் சேர்ந்து வடக்கே பள்ளிகளைப் பார்வையிடப் போன பயணத்தில், 1917-ன் தொடக்கத்தில், அகமதாபாத்தில் காந்தியின் ஆசிரமத்துக்குப் போனார்கள். ஆசிரமம் அப்போது சபர்மதிக் கரைக்கு மாறவில்லை. கோச்ரபில் ஒரு வாடகை பங்களாவில் இருந்தது.

அன்றைக்கு அந்த இரண்டு பெண்களும் எதை எதிர்பார்த்துப் போனார்களோ தெரியாது, அங்கே கண்டது விடியலுக்கு முன் எழுந்து பிரார்த்தனை செய்து, தாங்களே பெருக்கி, தாங்களே சமைத்து, கக்கூசையும் தாங்களே சுத்தம் செய்யும் ஒரு கூட்டத்தை. தீண்டாதவர் என்று ஊர் ஒதுக்கிய ஒரு குடும்பத்தைச் சேர்த்துக்கொண்டதற்காக அந்த ஆசிரமம் நன்கொடைகளை இழந்து தவித்துக் கரையேறி அதிக காலம் ஆகவில்லை. எஸ்தருக்கு அங்கேயே மனம் தங்கிவிட்டது. திருக்கோவிலூர் திரும்பியதும் கடிதங்கள் தொடங்கின. காந்தி அவருக்கு எழுதிய கடிதங்கள் பின்னாளில், 1956-ல், நவஜீவன் வெளியீடாகத் தனிப் புத்தகமாகவே வந்திருக்கின்றன. அவரைக் குழந்தை என்றே விளித்து எழுதினார்.

மிஷனுக்கு இது பிடிக்கவில்லை. அரசாங்கமும் சந்தேகக் கண்ணோடு பார்த்தது. ஒரு வெள்ளைக்காரப் பெண், அதுவும் மிஷன் ஊழியர், அரசை எதிர்ப்பவரோடு உறவு வைத்துக்கொள்வதா என்ற கேள்வி. ஆசிரமத்துக்குப் போகத் தடை வந்தபோது காந்தி அவரை மீறச் சொல்லித் தூண்டவில்லை. அமைப்புக்குள் இருக்கும்வரை அதன் கட்டுப்பாட்டுக்குள் இரு, பொறுத்திரு என்ற வழியில்தான் சொன்னார். கிறிஸ்தவ நம்பிக்கையை விட்டுவிடு என்று ஒருபோதும் கேட்கவில்லை. நல்ல கிறிஸ்தவராக இரு என்பதே அவர் விருப்பம். கடைசியில் 1919-ல் எஸ்தர் தானாகவே மிஷனிலிருந்து விலகி, சபர்மதி ஆசிரமத்தில் போய்ச் சேர்ந்தார்.

இந்த இடத்தில் தம்பி தங்கைகள் கவனிக்க வேண்டும். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு ஆசிரம வாழ்க்கை என்றால் பிரார்த்தனை, கீதையின் இரண்டாம் அத்தியாய சுலோகங்கள், மாலை நேரத்து பஜனை. உள்ளே போனவருக்கு அது சமையலறை. எஸ்தருக்குக் கஷ்டம் வந்தது சமையலறையில்தான். காந்தியின் மனைவி கஸ்தூர்பாவோடு உரசல். அன்னிய நாட்டுப் பெண், வேறு சாப்பாட்டுப் பழக்கம், உடம்புக்கும் முடியவில்லை. கஸ்தூர்பா வளர்ந்த வைஷ்ணவக் குடும்பத்தின் ஆசாரம் நமக்குத் தெரியும். காந்தி அப்போது பஞ்சாபில் இருந்தார். லாகூரிலிருந்து எஸ்தருக்கு எழுதிய கடிதங்களில் கஸ்தூர்பாவின் குணம் எப்போதும் ஒரே சீராக இருக்காது என்று ஒளிக்காமல் ஒப்புக்கொள்கிறார். வேண்டுமானால் தனிச் சமையல் வைத்துக்கொள், உடம்பைப் பார்த்துக்கொள் என்கிறார். மனைவிக்காகப் பரிந்து பேசவும் இல்லை, விருந்தாளியைத் தட்டிக்கொடுத்து அனுப்பவும் இல்லை.

எனக்கு இந்தக் கடிதங்கள் மிக முக்கியமானவை. வேறு ஒரு சமயத்தாரின் வாழ்க்கைக்குள் போவது என்றால் அவர்களுடைய பாட்டைப் பாடுவது மட்டும் என்று நினைக்கிறோம். பாட்டு எளிது. ஆசிரமப் பிரார்த்தனையில் கிறிஸ்தவப் பாட்டுக்கும் இடம் இருந்தது. 1924-ல் டெல்லியில் காந்தி இருபத்தொரு நாள் உண்ணாவிரதத்தை முடித்தபோது இமாம் பவாஸீர் குர்ஆன் ஓதினார், காந்தியின் ஆங்கிலேய நண்பர் ஆண்ட்ரூஸ் சிலுவைப் பாட்டுப் பாடினார், சீடர் வினோபா உபநிடதம் சொன்னார். அது ஒரு நாள் நிகழ்ச்சி, எல்லாருக்கும் மனம் நிறையும். ஆனால் யார் பாத்திரத்தை யார் தொடலாம், அடுப்புக்கு அருகில் யார் வரலாம் என்பது தினப்படி விஷயம். சமயம் முழு பலத்தோடு நிற்கும் இடம் அதுதான். நீங்கள் எந்த நாட்டுக்குப் போனாலும் அந்த நாட்டுக் கோயிலில் உங்களை வரவேற்பார்கள். அடுப்படியில் வரவேற்பு கிடைக்கக் காலம் ஆகும். அதற்காக யார்மீதும் கோபப்படாதீர்கள்.

எஸ்தர் கோபித்துக்கொண்டு டென்மார்க்குக்குக் கப்பல் ஏறிவிடவில்லை. 1921-ல் குஞ்ஞி மேனன் என்ற மலையாளியை மணந்தார். கிறிஸ்தவராகவே இருந்தார். அவர்களுடைய பெண் ஒருத்தியைத் தங்கை என்றே அழைத்தார்கள். அந்தப் பெயரைப் போட்டே காந்தி பிள்ளைகளுக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். ஆன் மேரி பீட்டர்சன் மிஷனை விட்டு வந்து பரங்கிப்பேட்டையில் தாம் கனவு கண்ட பள்ளியைத் தொடங்கினார். 1921-ல் காந்தியே வந்து அடிக்கல் நாட்டினார். சேவா மந்திர் என்ற பெயரில் அந்தப் பள்ளி இன்றும் நடக்கிறது. பீட்டர்சன் 1951-ல் அந்த ஊரிலேயே காலமானார்.

இரண்டாமவரைப் பற்றிச் சொல்கிறேன். அவர் தொண்டராக வரவில்லை, துறவியாக வந்தார். பிரான்சின் பிரிட்டனி கடற்கரையில் 1910-ல் பிறந்த ஹென்றி லெ சோ. பெனடிக்டின் சபைத் துறவி. 1948-ல் தமிழ்நாடு வந்து, குளித்தலை அருகே காவிரிக் கரையில் ஜூல் மோன்ஷனன் என்ற பாதிரியாரோடு சேர்ந்து 1950-ல் சாந்திவனம் என்ற ஆசிரமத்தைத் தொடங்கினார். அபிஷிக்தானந்தர் என்று பெயர் வைத்துக்கொண்டார். ரமணரைத் தரிசித்தவர். அருணாசல மலைக் குகைகளில் மாதக்கணக்கில் தங்கியவர்.

1955 டிசம்பரில் அவர் திருக்கோவிலூர் வந்தார். நம் தபோவனத்தைத்தான் சொல்கிறேன். திருவண்ணாமலை சாலையில் இருக்கிறதே, ஞானானந்த கிரி சுவாமிகளின் தபோவனம். பெரிய ஆவலோடு வரவில்லை. சாமியார்களை அவர் ஏற்கெனவே நிறையப் பார்த்திருந்தார். கூட வந்த நண்பருக்காக வந்தார் என்றே சொல்லலாம். வந்தவர் பெரியவர் முன் உட்கார்ந்ததும் தத்துவக் கேள்விகளை எடுத்தார். படித்தவர்கள் எல்லாரும் அதைத்தானே செய்வோம். சுவாமிகள் அந்தக் கேள்விகளுக்குப் பெரிய மரியாதை தரவில்லை. விடை உள்ளே இருக்கிறது, கேட்டு ஆகப்போவது ஒன்றுமில்லை என்ற பாங்கில் திருப்பிவிட்டார். அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் லெ சோ மறுபடி வந்து சில வாரங்கள் தங்கினார்.

அந்த வாரங்களை அவர் பின்னாளில் ஒரு சிறு புத்தகமாகவே எழுதினார், பிரெஞ்சு மொழியில், 1970-ல் வந்தது. அதில் தம்மை வேறொரு பெயரில் படர்க்கையில் வைத்து எழுதுகிறார். அங்கே பெரிய அற்புதம் எதுவும் நடக்கவில்லை. காலையில் பெரியவர் வந்து உட்காருகிறார். கிராமத்து ஜனங்கள் வருகிறார்கள். ஒருவர் மாடு காணாமல்போனதைச் சொல்வார், ஒருத்தி மகளின் கல்யாணத்தைப் பற்றிக் கேட்பாள், ஒருவர் வேதாந்தம் கேட்பார். எல்லாருக்கும் ஒரே முகம். வந்தவர்கள் விழுந்து கும்பிடுகிறார்கள், பழத்தை வைக்கிறார்கள், கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போகிறார்கள். மதியம் பந்தி. மாலையில் நாமசங்கீர்த்தனம். இலையில் போட்டதைத் தரையில் அமர்ந்து சாப்பிட்டு, எல்லாரோடும் அவரும் இருக்கிறார். அவரிடம் அங்கே கொடுப்பதற்கு ஒன்றுமே இல்லை. மருந்து இல்லை, பணம் இல்லை, பாடம் இல்லை. அவருடைய இறையியல் படிப்பு அந்த வாசலில் செல்லுபடி ஆகவில்லை. வெறும் வாங்குகிறவராக இருந்தார்.

ஒரு கத்தோலிக்கப் பாதிரியாருக்கு அது எவ்வளவு பெரிய காரியம் என்று இப்போது நமக்குப் புரியாது. அன்றைக்கு நடப்பில் இருந்தது 1917-ம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பு. பிற சமயத்தாரின் வழிபாட்டில் பங்குகொள்வதை அது தடுத்திருந்தது. பிற சமயங்களில் உள்ள உண்மையையும் தூய்மையையும் மதிக்கிறோம் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் அறிவித்தது 1965-ல். அதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன்பே இவர் ஞானானந்தரின் காலைத் தொட்டு வணங்கிவிட்டார். இவரே என் குரு என்றும் எழுதினார். ஆனால் பாதிரியார் பட்டத்தையோ திருப்பலியையோ சாகும்வரை விடவில்லை. 1960-ல் இந்தியக் குடிமகன் ஆனார். 1973 டிசம்பரில் இந்தூரில் மறைந்தார். சில வாரங்களில், 1974 ஜனவரியில், ஞானானந்தரும் சமாதியானார்.

இரண்டு பக்கமும் இழுபட்டு அவர் பட்ட வேதனை நிஜமானது. அதை மறைத்து, இரண்டு மதமும் ஒன்றுதான் என்று எளிதாகச் சொல்லிவிட்டுப் போனவர் இல்லை. அவர்மீது எனக்கு இருக்கும் மரியாதைக்குக் காரணம் அந்த நேர்மை. வேறு சமயத்தின் வாசலில் உண்மையாகவே போய் நின்றவருக்குச் சங்கடம் வரத்தான் செய்யும். ஒரு வாரம் பஜனையில் கைதட்டிவிட்டு, எல்லாம் ஒன்றே என்று எழுதிவிட்டுப் போகிறவர்களுக்கு அந்தச் சங்கடம் வருவதில்லை. அவர்கள் உள்ளே வரவில்லை என்றே நான் சொல்வேன்.

திருக்கோவிலூர் என்றதும் உங்களில் பலருக்கு மூன்று ஆழ்வார்களின் கதை நினைவுக்கு வந்திருக்கும். மழை இரவில் ஒரு வீட்டு இடைகழியில் பொய்கையாழ்வார் படுத்திருக்கிறார். பூதத்தாழ்வார் வந்து கேட்கிறார். ஒருவர் படுக்கலாம், இருவர் இருக்கலாம் என்று எழுந்து உட்காருகிறார். பேயாழ்வார் வருகிறார். மூவர் நிற்கலாம் என்று இருவரும் எழுந்து நிற்கிறார்கள். அப்புறம்தான் நாலாவதாகப் பெருமாளே வந்து நெருக்குவது தெரிகிறது. இந்தக் கதையில் முதலில் வந்தவருடைய பங்கை நாம் போதுமான அளவுக்குப் பேசுவதில்லை. அவர் படுத்தே கிடந்திருந்தால் இரண்டாமவருக்கு இடமில்லை. வந்தவர் மட்டும் ஒடுங்கினால் போதாது, முன்பே இருப்பவரும் கொஞ்சம் எழுந்துகொள்ள வேண்டும். கஸ்தூர்பாவுக்கும் எஸ்தருக்கும் நடந்தது இதுதான். கஸ்தூர்பாவும் தம் ஆசாரத்திலிருந்து மெதுவாக, சிரமப்பட்டு எழுந்துகொண்டவர்தான்.

கல்வராயன் மலைக்கு அந்தப் பக்கத்துச் செய்தி ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 1921-ல் திருப்பத்தூரில் ஜேசுதாசன் என்ற தமிழ் டாக்டரும் ஃபாரெஸ்டர் பேட்டன் என்ற ஸ்காட்லாந்து டாக்டரும் கிறிஸ்துகுல ஆசிரமம் தொடங்கினார்கள். இருவரும் கதர் உடுத்தினார்கள், தரையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள், கோபுரம் வைத்துத் தமிழ்நாட்டுக் கோயில் பாணியில் ஜெபாலயம் கட்டினார்கள். ஜனங்கள் தமிழரைப் பெரியண்ணன் என்றும் வெள்ளைக்காரரைச் சின்னண்ணன் என்றும் கூப்பிட்டார்கள். நம் கல்வராயன் மலை மலையாளி மக்கள் தங்கள் முன்னோரைப் பற்றிச் சொல்லும் கதையிலும் காஞ்சிபுரத்திலிருந்து வந்த பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன் என்ற மூன்று சகோதரர்கள் உண்டல்லவா! கரியராமன் சாமியைத் தோளில் தூக்கிக்கொண்டு மலையேறி வந்தவர்களும் ஒரு காலத்தில் வந்தேறிகள்தான். பேட்டன் வெள்ளைக்காரர் ஆட்சியில் ஒரு தமிழருக்குத் தம்பியாக இருக்கச் சம்மதித்தார். அந்த ஒரு சம்மதம் அவர் செய்த அறுவைச் சிகிச்சைகளுக்கு எல்லாம் மேலானது என்பது என் கருத்து.

சரி, சந்தேகத்தையும் பேச வேண்டும். வெளிநாட்டார் நம் வழிபாட்டுக்குள் வந்தால் சிலருக்கு மனம் சுருங்குகிறது. அதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. ஒரு கையில் சோறும் மறு கையில் ஞானஸ்நானமும் வைத்துக்கொண்டு வந்தவர்கள் இருந்தார்கள். 1876-78 பஞ்சத்தில் கஞ்சித்தொட்டியைச் சுற்றி மக்கள் கூட்டம் கூட்டமாகச் சமயம் மாறினார்கள். மாறியவர்களை நான் குறை சொல்ல மாட்டேன், பசியும் சாதியும் அவர்களை எங்கே நிறுத்தியிருந்தன என்று தெரியும். சாந்திவனத்துக் காவி உடையையே வேஷம் என்று கடுமையாக எழுதிய இந்துக்களும் உண்டு. அதைப் படித்துப் பார்த்த பிறகும் லெ சோவை வேஷக்காரர் என்று என்னால் சொல்ல முடியவில்லை. ஆனால் கேள்வி நியாயமானது. தொண்டர் வாங்குவதற்காக வந்தாரா, வாங்குவதுபோல் வந்து பறிப்பதற்காக வந்தாரா என்று கேட்க ஊருக்கு உரிமை உண்டு. நம் நாட்டு விசா விதியும் இதையே வேறு விதமாகச் சொல்கிறது. சுற்றுலா விசாவில் வந்தவர் கோயிலுக்குப் போகலாம், சமயச் சொற்பொழிவில் உட்கார்ந்து கேட்கலாம், பிரசங்கம் செய்யக் கூடாது.

2024 ஜனவரியில் பழனிக் கோயில் வழக்கில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, இந்து அல்லாதவர்கள் கொடிமரத்துக்கு அப்பால் போக அனுமதி இல்லை என்று பலகை வைக்கச் சொன்னது. சாமி மீது நம்பிக்கை உண்டு என்று உறுதிமொழி எழுதித் தருபவர்களுக்கு வழியும் வைத்தது. அந்தப் பலகையைப் பற்றி உங்களுக்கும் எனக்கும் அபிப்பிராயம் இருக்கலாம். விருந்தாளிக்கு அந்த இடத்தில் அபிப்பிராயம் தேவையில்லை. கொடிமரத்தோடு நின்று கும்பிட்டுவிட்டு வரலாம்.

ஆனால் ஊர்க்காரர்களாகிய நாம் பலகையைக் காட்டி நிறுத்திவிடக் கூடாது. தடை வெளியாருக்கு மட்டும் இருந்ததில்லை. உள்ளூர்க்காரருக்கு இருந்த தடை தலைமுறை தலைமுறையாக இருந்தது. நம் மாவட்டத்தில் எடுத்தவாய்நத்தம் வரதராஜப் பெருமாள் கோயிலுக்குள் பட்டியல் சமூக மக்கள் முதன்முதலாகக் காலெடுத்து வைத்தது 2023 ஜனவரி 2, வைகுண்ட ஏகாதசி அன்று. அதுவும் போலீஸ் பாதுகாப்போடு. அமெரிக்காவிலிருந்து வருகிற தொண்டருக்கு நம் திருவிழாவில் தேர் தெரியும், மேளம் தெரியும். தேர் எந்தத் தெருவுக்குள் திரும்பாமல் போகிறது என்பது தெரியாது. நீங்கள் வெளிநாட்டுக்குப் போகும்போதும் அப்படித்தான். அந்த ஊரில் யார் வாசலுக்கு வெளியே நிற்கிறார்கள் என்று பார்க்கக் கற்றுக்கொள்ளுங்கள். பார்த்ததும் தீர்ப்புச் சொல்லாதீர்கள். வெளியே நிற்பவர்களோடு போய் நில்லுங்கள், போதும். எஸ்தர் வேலை செய்த டேனிஷ் மிஷனின் தொடக்க காலத்திலேயே இது நடந்திருக்கிறது. கார்ல் ஓக்ஸ் என்ற ஜெர்மன் பாதிரியார் கிறிஸ்தவக் கோயிலுக்குள் சாதி பார்ப்பதை ஏற்க முடியாமல் தம் லைப்சிக் மிஷனை விட்டு விலகி, பட்டாம்பாக்கத்திலிருந்து வேலை செய்தார். அவர் வழியாகத்தான் 1860-களில் டேனிஷ் சங்கம் தென்னாற்காட்டுக்குள் வந்தது.

இனி கேமராவைப் பற்றி. கூவாகம் நம் மாவட்டத்தில், உளுந்தூர்பேட்டை வட்டத்தில் இருக்கிறது. சித்திரைத் திருவிழாவில் அரவானாகிய கூத்தாண்டவர் பெயரால் பூசாரி கையால் தாலி கட்டிக்கொள்ளும் திருநங்கையர், மறுநாள் தேர் அழுகளம் போனதும் தாலி அறுத்து, வளையல் உடைத்து, வெள்ளைச் சேலை உடுத்தி ஒப்பாரி வைக்கிறார்கள். அது நடிப்பு இல்லை. தாயும் தகப்பனும் வீட்டை விட்டுத் துரத்திய நாளிலிருந்து சேர்த்து வைத்த அழுகை அன்று அரவான் பெயரில் வெளியே வருகிறது. உடைந்த வளையலில் மணிக்கட்டு கீறி ரத்தம் வரும் பெண்ணின் முகத்துக்கு நேரே கைநீளத்தில் லென்சை நீட்டுகிறார்கள். உலகின் எல்லா மூலைகளிலிருந்தும் வருகிறார்கள். அதே இடத்தில் எச்.ஐ.வி. விழிப்புணர்வுக் கூடாரம் போட்டு இரவெல்லாம் விழித்திருக்கும் தொண்டர்களும் உண்டு. அவர்களில் சிலர் அழுகிறவரின் பக்கத்தில் உட்கார்ந்து தண்ணீர் கொடுத்து, கீறலுக்கு மருந்து போட்டு, கூடவே அழுவதையும் பார்க்கலாம். அவர்களிடம் படம் எதுவும் இருக்காது. அடுத்த சித்திரையில் அவர்களைத்தான் பெயர் சொல்லித் தேடுகிறார்கள்.

நீங்கள் போகப்போகும் நாடுகளைப் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கனடாவிலோ லண்டனிலோ குருத்வாராவுக்குப் போனால் தலையை மூடிக்கொள்ளுங்கள். லங்கரில் எல்லாரும் தரையில் வரிசையாக உட்கார வேண்டும். ரொட்டியை இரண்டு கையாலும் வாங்குவார்கள். பிறகு எழுந்து பாத்திரம் கழுவப் போகலாம், யாரும் தடுக்க மாட்டார்கள். கத்தோலிக்கக் கோயிலில் திருப்பலி முழுக்க உட்காரலாம், நற்கருணை வாங்க வரிசையில் போகாதீர்கள். கையை மார்பில் குறுக்காகக் கட்டிக்கொண்டு போனால் ஆசீர்வாதம் மட்டும் கொடுக்கும் வழக்கம் பல இடங்களில் உண்டு, முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். இலங்கையில் விகாரைக்குப் போனால் புத்தர் சிலைக்கு முதுகைக் காட்டி நின்று படம் எடுத்துக்கொள்ளாதீர்கள். பௌர்ணமி நாட்களில் அங்கே வெள்ளை உடுத்துவார்கள். பள்ளிவாசலில் தொழுகை நடக்கும்போது பின்னால் உட்கார்ந்திருங்கள். ரமலான் மாதம் என்றால் நோன்பு திறக்கக் கூப்பிடுவார்கள், மறுக்காமல் போங்கள். நம் ஊர்ப் பள்ளிவாசல் நோன்புக் கஞ்சி குடித்து வளர்ந்தவர்களுக்கு அது புதிதில்லை. குவேக்கர்களின் கூட்டத்தில் ஒரு மணி நேரம் பெரும்பாலும் யாரும் பேசவே மாட்டார்கள். நம் இளைஞர்களுக்கு அதுதான் மிகக் கடினமாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

உங்கள் நம்பிக்கையை விட்டுவிட்டுப் போக வேண்டாம். நம்பிக்கையே இல்லாதவராக இருந்தால் அதையும் மறைக்க வேண்டாம். நான் கும்பிடுவதில்லை, ஆனால் உங்களோடு இருக்க வந்திருக்கிறேன் என்று சொல்லுங்கள். எந்த ஊரிலும் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். கும்பிடாமல் கும்பிடுவதுபோல் காட்டுவதைத்தான் தப்பாக எடுத்துக்கொள்வார்கள்.

கடைசியாகக் கருணாபுரத்துக்காரர்களிடம் ஒரு வேண்டுகோள். சாராயச் சாவுக்குப் பிறகு இந்தப் பக்கமும் கல்வராயன் மலைப் பக்கமும் உதவி செய்ய ஆட்கள் வருகிறார்கள், இன்னும் வருவார்கள். வெளிநாட்டிலிருந்தும் வருவார்கள். வந்தவரை மேடையேற்றிச் சால்வை போட்டு அனுப்பிவிடுகிறோம். வேண்டாம். காப்புக் கட்டுகிற தேதியை அவருக்கு முன்கூட்டியே சொல்லுங்கள். காப்புக் கட்டிவிட்டால் திருவிழா முடியும்வரை ஊர் எல்லையைத் தாண்டி இரவு தங்கக் கூடாது என்பதையும், அந்த நாட்களில் வீட்டில் கவுச்சி சமைப்பதில்லை என்பதையும் சொல்லுங்கள். இருக்க முடிந்தால் இருக்கட்டும். கூழ் ஊற்றும் நாளில் அவரை அண்டாவுக்குப் பக்கத்தில் நிறுத்திக் கரண்டியை அவர் கையில் கொடுக்காதீர்கள். சொம்பைக் கொடுத்து வரிசையில் நிற்கச் சொல்லுங்கள். கரண்டி அடுத்த வருஷம் கொடுக்கலாம்.